உயிரோடு இருக்க அரை நாள் லீவு

கமலவேணி அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் புதுச்சேரியில் பாதிப் பேர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் அவளிடம் சான்றிதழ் வாங்க இன்னும் வராதவர்கள். நான் பத்தொன்பது வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேஜை. பெயர் நிர்மலாதேவி. எனக்கும் அவளோடு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். வேறு எவளாவது எழுதினால் அவளைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டிவிடுவாள், அதை என்னால் சகிக்க முடியாது. எழுதி முடித்து அவளிடம் காட்டினால் எந்தத் தாளை இணைக்கவில்லை என்றுதான் முதலில் கேட்பாள். கேட்கட்டும்.

எங்கள் ஆபீஸ் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிந்து வைக்கிற இடம். பழைய ஆட்கள் இன்னும் 'எத்தா சிவில்' என்று பிரெஞ்சிலேயே சொல்வார்கள். இறப்புப் பதிவேடு அக்காவின் பொறுப்பு. அதோடு இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள், அவர்களுடைய விதவைகள் என்று இந்த ஊரில் நிறையப் பேருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. வருஷா வருஷம் அவர்கள் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று ஒரு தாளில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அந்த உயிர்ச் சான்றுக்கு எங்கள் கவுன்ட்டருக்கும் ஆள் வரும். ஆக, செத்தவர்களை எழுதுவதும் அக்காதான், சாகவில்லை என்று எழுதுவதும் அக்காதான். அந்த முத்திரையைக் குத்த எங்கள் ஆபீஸில் இரண்டே பேருக்கு அதிகாரம். அக்காவுக்கு, அவள் லீவில் இருந்தால் எனக்கு.

அவளுக்கு இரண்டு சட்டம். உயிர்ச் சான்று என்றால் ஆள் நேரில் வர வேண்டும். மற்ற எதுவாக இருந்தாலும் முழு ஆவணமும் இணைக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பிப் போகும். கத்த மாட்டாள், திட்ட மாட்டாள். சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, தாளைத் திருப்பி உங்கள் பக்கம் தள்ளுவாள். அவள் கத்தியிருந்தால்கூட ஜனங்கள் மன்னித்திருப்பார்கள்.

2005 ஜனவரியில் குருசுக்குப்பத்திலிருந்து ஓதெத் என்று ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பா க்சாவியே, எண்பத்து நாலு வயது சொல்தா, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். அன்றைய செய்தித்தாளை நெஞ்சின் மேல் பிடித்துக்கொண்டு அவர் படுத்திருப்பதைப் போட்டோ எடுத்துக் கொண்டு வந்திருந்தாள்.

“தேதியப் பாருங்க மதாம். இன்னிக்கிப் பேப்பர்தான்” என்றாள்.

“பேப்பரு உயிரோட இருக்கறது தெரியுது. அப்பாவை இட்டாந்து காட்டு” என்றாள் அக்கா.

மறுநாள் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஒரு நாற்காலியைக் கட்டி, நாற்காலியில் கிழவரைக் கட்டி, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனிதர் கோட்டுப் போட்டு, மார்பில் இரண்டு பதக்கம் குத்தியிருந்தார். அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். அந்த மரியாதையையாவது செய்தாளே என்று நினைத்தேன்.

“க்சாவியேங்கறது நீங்கதானா?”

“இன்னி வரைக்கும் நான்தான் மதாம். நாளிக்கி வந்து கேட்டா உத்தரவாதம் இல்ல” என்றார் கிழவர்.

ஆபீஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தேதி போட்டு முத்திரையைக் குத்தினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவளோடு டீ குடிக்கப் போகவில்லை.

“ஏங்க்கா, வயசான மனுஷனைக் கட்டி இழுத்தாந்துதான் ஆவணுமா?” என்று சாயங்காலம் கேட்டேன்.

“நீ பாக்காம குத்துவ. நான் பாத்துட்டுதான் குத்துவேன். அவ்ளோதான்.”

அவள் சொன்னது உண்மை. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம், 2006 ஆவணி மாதத்தில் ஒரு நாள், என்னைப் பதிவேட்டு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்து இடது பக்க ரவிக்கையின் மேல் வைத்தாள். கொட்டைப் பாக்கு அளவுக்கு இருந்தது. “எத்தினி நாளா?” என்றேன். “மூணு மாசமா” என்றாள். ஊரிலுள்ளவர்கள் மூன்று நாள் தாமதமாகச் சாவைப் பதிய வந்தாலே காரணம் எழுதி வாங்குகிறவள் இவள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கருவடிக்குப்பம் பக்கம் அறக்கட்டளைக்காரர்கள் நடத்துகிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் புருஷோத்தமன் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நல்ல மனிதர், பாவம், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்கிற வியாதி அவருக்கு. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் கையில் நாலு பக்கத் தாளோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

“கட்டி மார்புலதாம்மா இருக்கு. ஆனா அதுலேர்ந்து கொஞ்சம் செல்லு முன்னாடியே கெளம்பி எலும்பு மஜ்ஜைக்குள்ள போயி உக்காந்திருக்கலாம். அதுலயும் சிலது மூல செல் மாதிரி. அதுல கொஞ்சம் இருந்தாலே போதும், புதுசா ஒரு கட்டியையே உண்டாக்கிடும்னு நெனைக்கறோம். நாங்க குடுக்கற மருந்து பெருகிக்கிட்டு இருக்கற செல்லத்தான் கொல்லும். இது தூங்கிக்கிட்டே கெடக்கும், மருந்துக்குத் தப்பிச்சுடும். யார் யாருக்கு இது இருக்கு, இருந்தா பின்னால என்ன ஆவுதுன்னு பாக்கறதுதான் எங்க ஆராய்ச்சி. உங்க மஜ்ஜை கொஞ்சம் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்.”

அக்கா தாளை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கையெழுத்துப் போட்டாள்.

படிக்கவில்லை! பிறப்புச் சான்றுக்கு வருகிற எழுத்தறியாத கிழவிகளிடம்கூட “படிச்சிக் காட்டச் சொல்லிட்டுக் கைநாட்டு வையி” என்கிற கமலவேணி, நாலு பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். என் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய அதிசயம் அதுதான். அப்போதுதான் அவளுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அவள் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

இடுப்பெலும்பில் பின்பக்கமாக ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தும், உறிஞ்சும்போது மட்டும் அந்த மருந்து ஒன்றும் செய்யவில்லையாம். “உள்ளேர்ந்து உசுர ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி இருந்துச்சிடி” என்றாள். இரண்டு நாள் கழித்து இடது மார்பை எடுத்தார்கள். பிறகு ஆறு தடவை கீமோ, அதற்குமேல் கதிர்வீச்சு. முடியெல்லாம் கொட்டிப்போய்க் குழந்தை மாதிரி இருந்தாள். ஏழு மாதம் லீவு. அந்த ஏழு மாதமும் முத்திரை என் கையில். பார்க்காமலே எத்தனை பேரை உயிரோடு வைத்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“என் மஜ்ஜையில அது இருந்துச்சா, இல்லியா? எழுத்துல குடுங்க.”

டாக்டர் சங்கடமாகச் சிரித்தார். “அது சொல்ற வழக்கம் இல்லம்மா. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கே, மூணாம் பக்கம், ஒம்பதாவது பத்தி. தனித்தனியா யாருக்கும் முடிவு சொல்ல மாட்டோம்.”

மூணாம் பக்கம், ஒம்பதாவது பத்தி! ஊருக்கெல்லாம் பக்கமும் பத்தியும் காட்டியவளுக்கு இப்படி ஒரு நாள் வந்ததே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“ஏன் சொல்ல மாட்டீங்க?”

“சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லம்மா. இருந்தாலும் இல்லன்னாலும் உங்க மருந்து மாறப்போறதில்ல. அதுக்குன்னு தனியா மருந்து இன்னும் வரல. இருந்தா எழுந்திருக்குமா, எப்ப எழுந்திருக்கும், அதுவும் தெரியாது. வீணா உங்க தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.”

“அதுங்க மட்டும் தூங்கலாம். நான் மட்டும் ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்கணும். நல்லா இருக்கு உங்க நியாயம்” என்று எழுந்துவிட்டாள்.

அவள் வீம்புக்குக் கேட்கவில்லை. அவளுடைய ஒரே மகள் பூர்ணிமா கல்யாணமாகிப் பாரீஸ் பக்கம் இருந்தாள். அந்த வருஷம்தான் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. “வேலைய விட்டுட்டு வந்து எங்கூட இரும்மா” என்று வாராவாரம் போனில் அழுவாள். அக்காவின் கணக்கு ரொம்ப எளிது. அந்தத் தூங்குமூஞ்சி செல் மஜ்ஜையில் இருக்கிறது என்றால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இருக்கிற நாளைப் பேரனோடு கழிப்பாள். இல்லை என்றால் சர்வீஸ் முடிகிற வரைக்கும் இங்கேயே இருப்பாள். ஆபீஸை விட்டால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று எனக்குத் தெரியும், பூர்ணிமாவுக்குத் தெரியாது. விருப்ப ஓய்வுக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். தேதி போடாமல், கையெழுத்து மட்டும் போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

இப்படியே இரண்டு வருஷத்துக்குமேல் ஓடியது. ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் கேட்பாள். அவர் ஒவ்வொரு முறையும் ஒம்பதாவது பத்தியைச் சொல்வார். வேலையில் இருப்பவளாகவும் இல்லாமல், கிளம்பினவளாகவும் இல்லாமல், நடுவிலே தொங்கிக்கொண்டிருந்தாள். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று பூர்ணிமா படம் அனுப்பினாள். அக்கா அதை இழுப்பறையில் கடிதத்துக்கு மேல் வைத்தாள்.

அதற்கு நடுவில் 2008இல் செல்வாம்பாள் இறந்துபோனாள். கீமோ வார்டில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்காரி. வாந்தி வந்தால் வாயில் போட்டுக்கொள்ள இஞ்சி மிட்டாய் கொடுத்தவள். அவளும் மஜ்ஜை கொடுத்திருந்தாள். நோய் கல்லீரலுக்குப் போய்விட்டதாம். சாவைப் பதிய அவள் மகன் வந்தபோது படிவத்தில் மூன்று இடம் காலியாக இருந்தது. அக்கா திருப்பி அனுப்பவில்லை. அவனிடம் கேட்டுக் கேட்டுத் தானே எழுதி நிரப்பினாள்.

2009 ஜூலையில் எங்கள் ஆபீஸுக்கு அந்த ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் ஆய்வில் மஜ்ஜை கொடுத்த ஐம்பத்தெட்டுப் பெண்களின் பெயர், முகவரியை இணைத்திருக்கிறோம், இவர்களில் யாருக்காவது மரணப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் என்று கேட்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம். வருகிறவர்கள், வராதவர்கள் என்று பிரிக்காமல் மொத்தப் பட்டியலையும் அனுப்பியிருந்தார்கள். கடிதம் யார் மேஜைக்கு வர வேண்டுமோ அங்கேதான் வந்தது. பட்டியலில் இருபத்து மூன்றாவது பெயர் கமலவேணி. நான் எட்டிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினாள்: 'முழு ஆவணத்தின் நகல் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.'

விதிப்படிதான் செய்தாள். எந்த விதி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நாலாம் நாள் ஆராய்ச்சி உதவியாளன் ராஜா வியர்க்க விறுவிறுக்க வந்தான். டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம், ஒரு மாதமாகும். பெரிய அட்டவணைத் தாள்களை மடித்துக் கொண்டு வந்திருந்தான்.

“எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்தாந்துட்டேன் மேடம். இதுக்கு மேல கேட்டீங்கன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“வச்சிட்டுப் போங்க. மூணு நாள் ஆவும்” என்றாள் அக்கா. இருபத்து மூன்றாம் நம்பரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தப்பித்தால் போதும் என்று ஓடினான்.

டாக்டர் இரண்டு வருஷத்துக்குமேல் பூட்டி வைத்த ரகசியம், எங்கள் ஆபீஸின் சிவப்பு மைக்கு நாலு நாள்கூடத் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தாளை விரித்தாள். பெயர், வயது, முகவரி, ஆபரேஷன் தேதி. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி. மஜ்ஜையில் அந்தச் செல் இருந்தால் கூட்டல். அக்காவின் விரல் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கி இருபத்து மூன்றில் நின்றது.

கூட்டல்.

அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அவள் சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தாள். கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். போச்சு, தேதி போடப் போகிறாள், இன்னும் மூன்று மாதத்தில் இந்த நாற்காலி காலி என்று கணக்குப் போட்டேன். எத்தனை சண்டை போட்டாலும் அவள் இல்லாத ஆபீஸை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மூடினாள். பிறகு, “இறப்புப் பதிவேட்டை எடு. 2006லேர்ந்து” என்றாள்.

மூன்று நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். பதினேழு கூட்டலில் ஐந்து பேருக்கு மரணப் பதிவு இருந்தது. நாற்பத்தொரு கழித்தலில் நாலு பேருக்கு. அந்த நாலில் ஒருத்தி செல்வாம்பாள். அந்த வரியில் அக்கா வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்கு பாரு. மகராசி, போய்ச் சேந்துட்டா. எனக்கு இருக்குன்னு போட்டிருக்கு. ஒக்காந்து அவளைத் தேடிக்கினு இருக்கேன்.”

“கூட்டல்ல பன்னெண்டு பேருக்குப் பதிவே இல்லக்கா” என்றேன்.

“எனக்கும் எண்ணத் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “டாக்டருக்குப் பதில் தெரியும், வேணும்னே மறைக்கறாருன்னு மனுஷனை எவ்ளோ திட்டியிருக்கேன். கடைசில பாத்தா, நீ செத்துட்டியா இல்லியான்னு அவரே என்னைத்தான் கேட்டு எழுதியிருக்காரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அட்டவணையின் கடைசிக் கட்டம் 'தற்போதைய நிலை'. செத்தவர்களுக்குத் தேதியை எழுதினாள். மற்றவர்களுக்கெல்லாம் 'மரணப் பதிவு இல்லை' என்று எழுதினாள். உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதவில்லை, ஒருவரையும் கண்ணால் பார்க்கவில்லையே. இருபத்து மூன்றுக்கு வந்ததும் பேனா நின்றது.

“இதுக்கும் பதிவு இல்லன்னே எழுதிடேன்” என்றேன்.

“இந்த ஆளை நமக்குத் தெரியுமே. தெரிஞ்சதை எழுதாம வுட்டா பொய்யாய்டும்.”

“அப்ப உயிரோட இருக்காங்கன்னு எழுதி முத்திரையைக் குத்து.”

“எனக்கு நானே சான்று குடுத்துக்க முடியாது. நீதான் குத்தணும்.”

“நீ ஆபீஸ்ல இருக்கறப்போ எனக்கு அதிகாரம் இல்லியே.”

அவள் மேஜை மேலிருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, தாளை வீணாக்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதில் எழுதினாள்: 'சொந்த வேலையின் பொருட்டு இன்று பிற்பகல் அரை நாள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன்.' மேலதிகாரி என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் அவளிடம் பயம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை அவள் நாற்காலியில் உட்கார வைத்தாள். கவுன்ட்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே போனாள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், ஜனங்கள் நிற்கிற பக்கம் அவள் நின்று நான் பார்த்தது அன்றுதான். வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். அவளைத் தெரியாத ஒருவர், “வரிசைல வாம்மா” என்று அதட்டினார். போய்க் கடைசியில் நின்றாள்.

அவள் முறை வந்தது. அட்டவணையை என் பக்கம் தள்ளினாள்.

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது.

“கமலவேணிங்கறது நீங்கதானா?”

“இன்னி வரைக்கும் நான்தான்.”

நான் பார்த்தேன். முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒரு ஆளை உண்மையாகவே பார்த்தது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. கொட்டிப்போன முடி சுருட்டையாக வளர்ந்திருந்தது. துணி வைத்துத் தைத்த ரவிக்கையில் இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள், நான் ஏதாவது தப்பு செய்வேனா என்று காத்துக்கொண்டிருந்தன. 'நேரில் வந்தார், பார்த்தேன், இன்றைய தேதியில் உயிருடன் உள்ளார்' என்று எழுதுவதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. தேதி போட்டேன். முத்திரையைக் குத்தினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

“அழுதுக்கினே குத்தினா இப்பிடித்தான். மங்கலா வுழுந்திருக்கு பாரு. இன்னொரு தரம் குத்து.”

குத்தினேன்.